ஃபோர்டு ஃபிகோ 1.5 பெட்ரோல் ஆட்டோமேட்டிக்: செகண்ட் ஹேண்டில் வாங்கவும் வைத்து ஓட்டவும் முழுமையான வழிகாட்டி

நம் நாட்டில் நான்கு மீட்டர் நீளத்துக்குள் இருக்கும் பெட்ரோல் காருக்கு வரிச்சலுகை கிடைக்க வேண்டுமென்றால் இன்ஜின் 1,200 சிசியைத் தாண்டக் கூடாது. அதனால்தான் சின்ன ஹேட்ச்பேக்குகளில் எந்த பானெட்டைத் திறந்தாலும் பெரும்பாலும் 1.2 லிட்டர்தான் கண்ணில் படும். 3,886 மி.மீ. நீளமே உள்ள ஃபிகோவில் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜினையும் 6 ஸ்பீடு ஆட்டோமேட்டிக்கையும் சேர்த்துப் போட்டு, 2015 செப்டம்பரில் ஃபோர்டு விற்பனைக்குக் கொண்டுவந்தது. சலுகை போனதால் விலை ஏறியது, விற்பனை சுமாராகவே இருந்தது. 2020-ல் பிஎஸ்6 புகை விதி வந்தபோது 1.5 பெட்ரோல் ஃபிகோவின் பட்டியலிலிருந்தே போய்விட்டது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது.

ஆக, இன்று இந்த வண்டி செகண்ட் ஹேண்டில் மட்டும்தான். அதே வயதுள்ள ஸ்விஃப்ட்டை விட மலிவாகக் கிடைக்கிறது. கம்பெனி போய்விட்டது என்ற பயம் அதற்கு ஒரு காரணம் என்றால், கியர்பாக்ஸ் இன்னொரு காரணம். முதல் பயம் கொஞ்சம் மிகை. சர்வீஸும் உதிரி பாகமும் தொடர்ந்து கிடைக்கின்றன. இரண்டாவது பயத்தில் நியாயம் இருக்கிறது. இன்ஜினைப் பார்த்து ஆசைப்படுங்கள், தவறில்லை. விலையை மட்டும் கியர்பாக்ஸைப் பார்த்துப் பேசுங்கள்.

படி 1: எந்த 1.5 என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

ஃபிகோ 1.5 ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வண்டிகள் சந்தையில் இருக்கின்றன. விற்பவருக்கே பல நேரம் இது தெரியாது.

2015 முதல் 2019 தொடக்கம் வரை வந்ததில் இருப்பது நான்கு சிலிண்டர் டிஐ-விசிடி இன்ஜின்: 112 பிஎஸ், 136 என்எம். கியர்பாக்ஸ் ட்ரை கிளட்ச் வகை டிசிடி. அதாவது, உள்ளே இரண்டு கிளட்ச் தட்டுகள். ஒன்று ஒற்றைப்படை கியர்களுக்கு, மற்றது இரட்டைப்படைக்கு. மேனுவல் வண்டியின் கிளட்ச் போலவே இவை எண்ணெயில் மூழ்காமல் காற்றிலேயே சூடு தணிகின்றன. அவற்றை அழுத்துவதும் விடுவதும் கால் அல்ல, மின்மோட்டார்கள்.

2019 மார்ச்சில் முகம் மாறி வந்ததில் இருப்பது டிராகன் என்ற மூன்று சிலிண்டர் இன்ஜின்: 123 பிஎஸ், 150 என்எம். கியர்பாக்ஸ் வழக்கமான டார்க் கன்வெர்ட்டர் வகை. அதாவது, இன்ஜினின் விசையை கியர்பாக்ஸுக்குத் திரவத்தின் வழியாகக் கடத்துவது. இதில் கியர்பாக்ஸ் கவலை குறைவு. இன்ஜினுக்குள் இருக்கும் பெல்ட்தான் கவனிக்க வேண்டியது. அதைப் பின்னால் பார்ப்போம்.

பிரித்தறிய மெக்கானிக் தேவையில்லை. ஆர்சியில் சிலிண்டர் எண்ணிக்கை அச்சிடப்பட்டிருக்கும். 4 என்றால் டிசிடி, 3 என்றால் டார்க் கன்வெர்ட்டர். உற்பத்தியான மாதமும் வருடமும் அதிலேயே இருக்கும். டைமிங் பெல்ட்டின் (இன்ஜினின் வால்வுகளை பிஸ்டனோடு ஒத்து இயங்க வைக்கும் பெல்ட்) வயதைக் கணக்கிட அது வேண்டும், குறித்துக்கொள்ளுங்கள். 2021-ல் வந்த ஃபிகோ ஆட்டோமேட்டிக் 1.2 லிட்டர் என்பதால் அது இந்தக் கணக்கில் சேராது.

படி 2: வீட்டிலிருந்தே முடிக்க வேண்டிய வேலைகள்

பரிவாஹன் தளத்தில் நிலுவை அபராதம், கடன் பதிவு, இன்சூரன்ஸ் மூன்றையும் பாருங்கள். சர்வீஸ் பில்களை வாட்ஸ்அப்பில் வாங்கி, இரண்டு விஷயங்களைத் தேடுங்கள்: கிளட்ச் செட் அல்லது டிசிஎம் மாற்றிய பில், டைமிங் பெல்ட் பில். டிசிஎம் என்பது கியர்பாக்ஸை ஆளும் கம்ப்யூட்டர். கிளட்ச் மாற்றிய வண்டியா, வேண்டாம் என்று ஒதுங்குபவர்கள் உண்டு. நம் கணக்கு நேரெதிர். முறையான பில்லோடு கிளட்சும் இன்புட் ஷாஃப்ட் சீலும் (கியர் ஆயில் கிளட்ச் பக்கம் கசியாமல் தடுப்பது) மாறியிருந்தால், மாறாத வண்டியை விட அதற்குத்தான் கூடுதல் விலை தரலாம்.

ஏர்பேக் கட்டுப்பாட்டு மென்பொருளைச் சரிசெய்ய 2016 ஏப்ரலில் புதிய ஃபிகோ, ஆஸ்பயர் வண்டிகளை ஃபோர்டு திரும்ப அழைத்தது. அதற்கு முன் தயாரான வண்டி என்றால் அந்த வேலை முடிந்ததா என்று சேசிஸ் எண்ணைக் கொடுத்து அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள்.

சென்னைப் பதிவு என்றால் 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையும் நினைவில் இருக்கட்டும். இந்த டிசிடியில் டிசிஎம் கியர்பாக்ஸின் மேலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. தண்ணீர் இருக்கை வரை ஏறவே வேண்டாம், பம்பர் உயரம் நின்றாலே அது ஆபத்துக்கு வந்துவிடும். சீட் ரெயில் போல்ட்டில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் காய்ந்த வண்டல், சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்தால் அடிப்பகுதியில் தெரியும் நீர்க்கறை ஆகியவற்றைப் பாருங்கள்.

படி 3: குளிர்ந்த வண்டியில் தொடங்குங்கள்

காலையில், வண்டி இரவு முழுக்க நின்ற இடத்திலேயே போய்ப் பாருங்கள். “உங்களுக்காக ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்கேன் சார்” என்றால் மறுநாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம். பானெட்டைத் தொட்டாலே தெரிந்துவிடும்.

சாவி போடுவதற்கு முன் மல்டிமீட்டரை பேட்டரியில் வையுங்கள். 12.4 வோல்ட்டுக்குக் குறைந்தால் பேட்டரி சோர்ந்துவிட்டது என்று பொருள். இன்ஜின் ஓடும்போது ஏறத்தாழ 13.8-லிருந்து 14.7 வரை வர வேண்டும். இதை முதலிலேயே பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்த கியர்பாக்ஸில் கிளட்சை நகர்த்துவதும் கியரை மாற்றுவதும் மின்மோட்டார்கள்தான். வோல்டேஜ் சரிந்தால் நல்ல கியர்பாக்ஸும் கெட்டதுபோல் நடிக்கும். இப்படி ஒரு வண்டியின் கோளாறு பேட்டரியோடும் எர்த் கேபிளோடும் முடிந்துவிட்டால், அது உங்களுக்கு லாபம்.

அடுத்து ஓபிடி, அதாவது வண்டியின் கம்ப்யூட்டர்கள் பதிந்துவைத்த கோளாறுகளைப் படிக்கும் சாக்கெட். சாதாரண செல்போன் ஆப்கள் இன்ஜினின் கோளாறு எண்களை (கோடு) மட்டும் காட்டும். ஃபோர்டுக்கென்றே ஃபோர்ஸ்கேன் என்ற மென்பொருள் இருக்கிறது. அந்தச் சாக்கெட்டில் செருகும், அதற்கு ஒத்துப்போகும் இஎல்எம்327 அடாப்டரோடு டிசிஎம்-ஐத் தனியாகப் படிக்கலாம். பி0902 வந்தால் கிளட்ச் ஆக்சுவேட்டர் (கிளட்சை நகர்த்தும் மோட்டார்) சர்க்யூட்டில் கோளாறு. யு0101 என்றால் மற்ற கம்ப்யூட்டர்களுக்கு டிசிஎம்-இடமிருந்து தகவல் வருவதில்லை. இரண்டில் எது இருந்தாலும் விலை பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். கோடே இல்லாமல் எல்லாம் சுத்தமாக இருந்தாலும் உடனே மகிழ வேண்டாம். முந்தின நாள் அழித்திருக்கலாம். ஓட்டி முடித்ததும் இன்னொரு முறை படியுங்கள்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஐடில் இறங்கும் வரை ஒரு நிமிடம் விடுங்கள். பிரேக்கை அழுத்திக்கொண்டு பி-யிலிருந்து ஆர், பிறகு என், பிறகு டி. ஒவ்வொன்றிலும் ஓரிரு நொடிக்குள் கியர் விழ வேண்டும். இழுத்துப் பிடித்து, பிறகு டமார் என்று விழுந்தால் ஆக்சுவேட்டரையோ இன்ஜின் மவுன்ட்டையோ சந்தேகியுங்கள்.

படி 4: ஓட்டிப் பார்க்கும் முறை

பைபாஸில் 100 கி.மீ. வேகம் காட்டி, “வண்டி பறக்குது பாருங்க” என்பார் விற்பவர். பறக்கும்தான். அந்த வேகத்தில் கிளட்ச் முழுதாகப் பிடித்திருக்கும். அங்கே எந்தக் குறையும் தெரியாது. இந்த கியர்பாக்ஸ் தன் உடம்பைக் காட்டுவது 5 முதல் 25 கி.மீ. வேகத்துக்குள். ஆகவே நெரிசல் உள்ள சாலைதான் நமக்கு வேண்டும்.

முதல் 10 நிமிடம் மெதுவாக நகர்த்துங்கள். ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டு, முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் மாறும் இடத்தைக் கவனியுங்கள். ஸ்டீயரிங், சீட், ரியர் வியூ கண்ணாடி மூன்றும் சேர்ந்து படபடவென்று நடுங்கினால் அதுதான் ஷடர். ஒரு முறை வந்துபோனால் பெரிதில்லை. நகர்த்தும்போதெல்லாம் வந்தால் கிளட்ச் தட்டில் எண்ணெய் பட்டிருக்கிறது அல்லது தட்டு பளபளத்துப்போயிருக்கிறது. இன்புட் ஷாஃப்ட்டில் உள்ள சீல் கசிந்து, கியர் ஆயில் வறண்ட தட்டின் மேல் படிவதுதான் இந்த வகை கியர்பாக்ஸின் உலகறிந்த வியாதி. அமெரிக்காவில் ஃபோகஸ், ஃபியஸ்டா உரிமையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டதும், ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2018-ல் நிறுவனத்துக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்ததும், பவர்ஷிஃப்ட் என்ற பெயரில் விற்ற இந்தக் குடும்ப கியர்பாக்ஸ் தொடர்பாகத்தான்.

அரை மணி நேரம் ஓடி எல்லாம் சூடேறிய பிறகு ஒரு மேட்டைத் தேடுங்கள். வணிக வளாகங்களின் கீழ்த்தள பார்க்கிங் சரிவு இதற்கு அருமையான இடம். ஏறும் வழியில் பாதியில் நிறுத்தி, மறுபடி கிளப்புங்கள். ஹில் அசிஸ்ட் இருப்பதால் ஓரிரு நொடி வண்டி பின்னால் போகாது. அதற்குள் கிளட்ச் பிடித்துவிட வேண்டும். பாதுகாப்பான இடமாக இருந்தால் அதே சரிவில் ரிவர்ஸில் ஏற்றிப் பாருங்கள். கருகிய வாடை வந்தாலோ, டிரான்ஸ்மிஷன் சூடாகிவிட்டது என்ற எச்சரிக்கை திரையில் வந்தாலோ, கிளட்ச் முடியும் கட்டத்தில் இருக்கிறது.

இங்கே ஒரு தந்திரம் நடக்கும். கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதை டிசிஎம் தானாகக் கற்று நினைவில் வைத்துக்கொள்ளும். விற்பதற்கு முன் ஸ்கேனரை மாட்டி அந்த நினைவை அழித்து, புதிதாகக் கற்க வைத்தால் ஷடர் சில நாட்களுக்கு மறைந்திருக்கும். சில கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து முடிவெடுப்பவர் மாட்டிக்கொள்வது இதில்தான். ஆகவே 40 நிமிடத்துக்குக் குறையாமல், ஏசி போட்டு, வண்டியில் ஆட்களோடு ஓட்டுங்கள். அதற்கு மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

2019-க்குப் பிந்தைய டார்க் கன்வெர்ட்டர் வண்டிக்கு இத்தனை சடங்கு வேண்டாம். கியர் மாறும்போது இன்ஜின் சுற்று மட்டும் ஏறி வண்டி நகராமல் நின்றால் ஸ்லிப். 50-60 கி.மீ. வேகத்தில் சீராகப் போகும்போது சாலை வரிக்கோடுகளில் ஓடுவதுபோல் அதிர்ந்தால் டார்க் கன்வெர்ட்டரைப் பூட்டும் லாக்கப் கிளட்சில் பிரச்சினை. மூன்று சிலிண்டர் இன்ஜினுக்கு ஐடிலில் லேசான துடிப்பு இயல்பு, அதைக் குறையாக எடுக்க வேண்டாம்.

படி 5: டைமிங் பெல்ட்

நான்கு சிலிண்டர் இன்ஜினில் டைமிங் செயின் கிடையாது, ரப்பர் பெல்ட். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். பல வண்டிகளின் ஓட்டம் குறைவாக இருக்கும், 50,000 கி.மீ. கூட ஆகியிருக்காது, ஆனால் ரப்பருக்கு வயது ஓடோமீட்டரில் தெரியாது. எட்டு வருடம் தாண்டியும் பெல்ட் மாற்றிய பில் இல்லையென்றால், வாங்கிய மாதமே பெல்ட்டையும் டென்ஷனரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

யார் மாற்றுகிறார் என்பது இதில் முக்கியம். கிராங்க் புல்லியை ஒரே நிலையில் பூட்டும் சாவிக்கட்டை இல்லாததால், போல்ட்டைத் தளர்த்தினாலே டைமிங் நகர்ந்துவிடும். கேம்ஷாஃப்ட்டையும் கிராங்க்கையும் பூட்டிப் பிடிக்கும் டூல் இல்லாமல், “பெயின்ட் மார்க் வெச்சு மாத்திடலாம் அண்ணே” என்கிற கடையில் கொடுக்காதீர்கள். கிராங்க் போல்ட் ஒரு முறை இறுக்கினால் நீளும் வகை, புதிது கேளுங்கள்.

டிராகன் இன்ஜினிலும் பெல்ட்தான், ஆனால் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே ஓடுவது. தரம் மாறிய ஆயிலை ஊற்றினாலோ, ஆயில் மாற்றாமல் இழுத்தடித்தாலோ பெல்ட்டின் ஓரம் உரிந்து, துணுக்குகள் சம்ப்பில் (இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) இருக்கும் வடிகட்டியை அடைக்கும். ஆயில் பிரஷர் விழும். அதனால் இந்த வண்டிக்கு வருடம் தவறாத ஆயில் பில்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும். நடுவில் இரண்டு வருடம் காணோம் என்றால் சம்ப்பைக் கழற்றி வடிகட்டியைப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

படி 6: மற்ற பரிசோதனைகள், சுருக்கமாக

பானெட்டுக்குள் கூலன்ட் டேங்க்கைப் பாருங்கள். ஆரஞ்சு நிறம் இருக்க வேண்டும். வெறும் தண்ணீர் தெரிந்தால் எங்கோ கசிந்து, ஊற்றிச் சமாளித்திருக்கிறார்கள். தெர்மோஸ்டாட் உறை பிளாஸ்டிக், அதன் இணைப்பில் காய்ந்த கறை இருக்கிறதா பாருங்கள். வண்டிக்கு அடியில் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் எண்ணெய் ஈரம் இருந்தால் படி 4-ல் பார்த்த சீல் நினைவுக்கு வர வேண்டும். ஸ்பீடு பிரேக்கரில் கடகட சத்தம் என்றால் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க் அல்லது லோயர் ஆர்ம் புஷ். சின்னச் செலவு, பேரத்துக்கு உதவும்.

டயர் 175/65 ஆர்14. கொஞ்சம் ஒல்லிதான். பலர் 185/65-க்குப் போகிறார்கள். வெளி விட்டம் சுமார் 2 சதவீதம் கூடும், ஸ்பீடோமீட்டர் அந்த அளவுக்குக் குறைத்துக் காட்டும், கிளப்பும்போது கிளட்சுக்கும் சுமை அதே அளவு ஏறும். பிடிமானம் வேண்டுமென்றால் 195/60 ஆர்14 நல்லது. வித்தியாசம் 1 சதவீதம்தான்.

படி 7: வாங்கிய முதல் மாதம்

இன்ஜின் ஆயில் நான்கு சிலிண்டருக்குச் சுமார் 4 லிட்டர். டிராகனுக்குக் கையேட்டில் போட்டிருக்கும் ஃபோர்டு தர எண்ணைக் கேனில் தேடிப் பார்த்து வாங்குங்கள். 5டபிள்யூ30 என்று இருந்தால் போதாது, அந்த எண் இருக்க வேண்டும். கூலன்ட் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டரோடு. பிரேக் ஆயில் டாட் 4, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை.

டிசிடியில் கியர் ஆயில் 2 லிட்டருக்கும் குறைவாகத்தான் பிடிக்கும். இது பற்களுக்கும் பேரிங்குகளுக்கும் மட்டும், கிளட்சைத் தொடவே கூடாத எண்ணெய். ஆகவே ஆயில் மாற்றினால் ஷடர் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டார்க் கன்வெர்ட்டருக்கு ஊற்றும் ஏடிஎஃப் இதில் போகக் கூடாது. ‘ஆட்டோமேட்டிக் ஆயில்’ என்று பொதுவாகக் கேட்டால் கடையில் அதைத்தான் எடுத்துத் தருவார்கள்.

படி 8: கிளட்ச் ஆயுளைக் கூட்டும் ஓட்டும் முறை

பிரேக்கை முழுதாக அழுத்தினால் டிசிடி கிளட்சைத் திறந்துவிடும், தேய்மானம் இல்லை. பிரேக்கைப் பாதி விட்டு, பாதி பிடித்து அங்குலம் அங்குலமாக ஊர்வதுதான் தட்டைத் தின்பது. நெரிசலில் முன் வண்டியோடு ஒட்டிக்கொண்டே போகாமல் ஒரு கார் நீளம் இடைவெளி விழட்டும். பிறகு ஒரே மூச்சில் நகர்த்தி மறுபடி முழு பிரேக். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.

மேட்டில் ஆக்சிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தவே கூடாது. நிற்பது பிரேக்கில் மட்டும். ஏலகிரி, கொல்லிமலை போன்ற கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது எஸ் மோடில் போட்டுவிடுங்கள். கியர் தாழ்ந்து, கிளட்ச் முழுதாகப் பிடித்து ஓடும். இறங்கும்போதும் லிவரில் உள்ள மைனஸ் பட்டனால் இரண்டாவது கியரில் வைத்தால் பிரேக் சூடாகாது. சூடு எச்சரிக்கை வந்தால் ஓரமாக நிறுத்தி, பி-யில் போட்டு, இன்ஜினை அணைக்காமல் ஆறவிடுங்கள்.

சரிவில் பார்க் செய்யும்போது பிரேக்கை அழுத்தி, என்-னுக்கு மாற்றி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, வண்டியின் எடை அதில் உட்கார்ந்த பிறகுதான் பி. நேராக பி-க்குப் போனால் மொத்த எடையும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சின்னக் கொக்கியில் தொங்கும்.

மைலேஜ் பற்றி: சான்றிதழில் டிசிடிக்கு 17.01, டிராகனுக்கு 16.3. நகரத்தில் 9-11, நெடுஞ்சாலையில் 14-16 என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம் இருக்காது. டேங்க் 42 லிட்டர்.

கிளட்ச் போய்விட்டால்

டிசிடி கிளட்சை மாற்றுவது மேனுவல் கிளட்ச் வேலை மாதிரி அல்ல. புதிய செட்டை உட்கார வைக்கும்போது இடைவெளியை அளந்து சரிசெய்ய தனி டூல் செட் வேண்டும். அது இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை விடுங்கள். இன்புட் ஷாஃப்ட் சீல்களை அதே வேலையில் மாற்றச் சொல்லுங்கள். பழைய சீலோடு புதுக் கிளட்ச் போட்டால் சில மாதத்தில் மறுபடி கியர்பாக்ஸை இறக்க வேண்டிவரும். வேலை முடிந்ததும் ஸ்கேனரில் அடாப்டிவ் லேர்னிங் (கிளட்ச் பிடிக்கும் இடத்தை டிசிஎம்-க்குக் கற்றுத்தருவது) செய்தாக வேண்டும். இல்லையென்றால் புதுக் கிளட்சும் குதிக்கும்.

டிசிஎம் பழுதுக்குப் பழைய பாகச் சந்தையில் மலிவாக ஒன்று கிடைக்கும். அது வேறொரு வண்டியின் சேசிஸ் எண்ணோடு புரோகிராம் ஆனது; மாட்டியவுடன் ஓடாது. உங்கள் வண்டிக்கு எழுதித் தர ஆள் இருக்கிறாரா என்று உறுதி செய்த பிறகு வாங்குங்கள், வேலை செய்யாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள். 2018-க்கு முந்தைய ஈகோஸ்போர்ட் 1.5 பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கிலும் இதே குடும்ப டிசிடிதான். மறைமலை நகரில் தயாரான அந்த வண்டி சென்னையில் ஏராளம் ஓடுகிறது. அதைப் பார்த்துப் பழகிய மெக்கானிக் ஃபிகோவுக்கும் தாராளமாகப் போதும்.